பாண்டி வேண்டாம்... பழவேற்காடு போலாமா?

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச மறுநிமிஷம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு பொதுக்குழு கூடும். அதுல ஒரே ஒரு தீர்மானம்தான் ஏகமனதா நிறைவேறும். 'மச்சி, பாண்டி!'

தப்பே இல்ல. மஞ்சள் சுவர், காகிதப்பூ, பிரெஞ்சுப் பெயர் போட்ட நீலப் பலகை, பீச் ரோடு காத்து... யாருக்குத்தான் பிடிக்காது? ஆனா ஒரு விஷயம் தெரியுமா? நீங்க ஆசை ஆசையா நின்னு போட்டோ எடுத்துக்கிற அந்த நேர்கோட்டு வீதிகள் இருக்கே, அதுக்குப் பிள்ளையார்சுழி போட்டது பிரெஞ்சுக்காரங்க இல்ல. 1693-ல் பாண்டிச்சேரியை அவங்ககிட்ட இருந்து பிடிச்சு, 1699 வரைக்கும் கையில வெச்சிருந்தவங்க டச்சுக்காரங்க. அந்த ஆறு வருஷத்துல அவங்க வரைஞ்ச நகரத் திட்டத்துலதான் அந்த வீதிகளோட ஆரம்பம் இருக்கு.

அந்த டச்சுக்காரங்க இந்தக் கடற்கரையில் முதன்முதலா தலைநகரம் மாதிரி வெச்சு ஆண்ட ஊர் எது தெரியுமா? சென்னைக்கு வடக்கே, ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சுமார் தூரத்துல, ஏரியும் கடலும் கைகோக்கிற இடத்துல இருக்கு. பழவேற்காடு. ஆங்கிலத்துல புலிகாட். 'பிளமிங்கோ வருமே, அந்த ஊர்தானே?'ன்னு கேக்கறீங்களா? அதே ஊர்தான். ஆனா பறவையை மட்டும் பாத்துட்டுத் திரும்பிட்டா பாதி ஊரைப் பாக்காம வந்த மாதிரி. வாங்க, ஒரு நாள் நடந்தே சுத்தலாம்.

ரயில், பஸ், அப்புறம் உப்புக் காத்து

சென்ட்ரல் பக்கத்துல இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல். பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ். வழியெல்லாம் வயல், பனைமரம். பனைமரத்தை நல்லா பாத்து வெச்சுக்கோங்க. கதையில் அதுக்கும் ஒரு ரோல் இருக்கு. ஜன்னல் வழியா வர்ற காத்துல உப்பும் கருவாடும் கலந்து அடிச்சா ஊர் வந்தாச்சுன்னு அர்த்தம்.

இறங்கினதும் முதல்ல ஏமாந்துதான் போவீங்க. பாண்டி மாதிரி பளபளன்னு எதுவும் இருக்காது. டீக்கடை, மீன் மார்க்கெட், ஐஸ் பெட்டி, வலைக்கட்டு, சைக்கிள், ஆடு. 'இதுக்கா இவ்ளோ பில்டப்?'னு உங்க கூட வந்தவன் முறைப்பான். பொறுமை பாஸ். இந்த ஊர் தன்னோட அழகை வாசல்லயே விரிச்சு வெக்கிற ஊர் இல்ல. தேடணும்.

கோட்டை எங்கே?

'அண்ணே, கோட்டைக்கு எப்படிப் போகணும்?'னு கேளுங்க. வழி காட்டுவாங்க. போய்ப் பார்த்தா புதரும் மேடும்தான் இருக்கும். சுத்தி அகழி இருந்த தடம் மட்டும் தெரியும். அவ்வளவுதான் ஜெல்ட்ரியா கோட்டை!

1502 வாக்கிலேயே போர்த்துக்கீசியர்கள் இங்கே வந்துட்டாங்க. அதுக்கப்புறம் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி வந்துச்சு. அதோட சுருக்கப் பேர் வி.ஓ.சி. (நம்ம கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி-யை நினைச்சுக் குழம்பிடாதீங்க. அவர் கப்பல் விட்டது விரட்டறதுக்கு. இவங்க கப்பல் விட்டது வாரிக்கிட்டுப் போறதுக்கு!) 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர்கிட்ட அனுமதி வாங்கி இங்கே வியாபாரம் ஆரம்பிச்சாங்க. போர்த்துக்கீசியர்களுக்குப் பொறுக்குமா? 1612-ல் சாந்தோமில் இருந்து வந்து அடிச்சு நொறுக்கினாங்க. உடனே 1613-ல் கோட்டை எழுந்துச்சு. அப்போ இங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த வெம்மர் வான் பெர்க்கெம்மோட சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. அந்தப் பேரைத்தான் கோட்டைக்கு வெச்சாங்க.

1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்தினாங்க. 1781-ல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர்கள் பிடிச்சதும், மறுபடி பழவேற்காட்டுக்கே திரும்பினாங்க. 1795-ல் இதுவும் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. 1806 வாக்கில் கோட்டையை இடிச்சே போட்டாங்க. 1818-ல் ஊர் மட்டும் டச்சுக்காரங்களுக்குத் திரும்பக் கிடைச்சு, 1825-ல் மொத்தமா கைமாறிடுச்சு.

இவ்வளவு அடிதடி நடந்த இடத்துல இன்னிக்குச் செங்கல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். ஆனா பக்கத்துல இருக்கிற மீனவ கிராமத்தோட பேர் என்ன தெரியுமா? கோட்டைக்குப்பம். கோட்டை போயிடுச்சு. குப்பம் நிக்குது!

வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு

அடுத்து, மார்க்கெட்டுக்குப் பக்கத்துல டச்சுக் கல்லறை. தொல்லியல் துறையோட பாதுகாப்பில் இருக்கு. கேட் பூட்டியிருந்தா காவலாளி எங்கேன்னு பக்கத்துக் கடையில் கேளுங்க.

நுழைவாயில்ல உங்களை வரவேற்கிறது கருங்கல்லில் செதுக்கின எலும்புக்கூடுகள். கூடவே மணல் கடிகாரம், மண்டையோடு. பேய்ப்பட போஸ்டர் மாதிரி இருக்கேன்னு சிரிப்பு வரும். ஆனா அது பயமுறுத்தறதுக்கு வெச்சது இல்ல. 'மணல் இறங்கிக்கிட்டே இருக்கு, உன் நேரமும் குறைஞ்சுக்கிட்டே இருக்கு'ன்னு உள்ளே வர்றவங்களுக்கு ஞாபகப்படுத்தற அந்தக் காலத்து ஐரோப்பிய வழக்கம். நம்ம ஊர்ச் சித்தர்கள் பாட்டுல சொன்னதை அவங்க கல்லுல சொல்லியிருக்காங்க.

உள்ளே 70-க்கும் மேற்பட்ட கல்லறைகள். சிலது வீடு மாதிரி விதானத்தோட. சிலது கூர்நுனித் தூணா. பெரும்பாலானது தரையோட தரையா படுத்திருக்கிற பெரிய கல் பலகைகள். பலகையில் குடும்பச் சின்னம், பூவேலை, சுத்தி டச்சு எழுத்து. மொழி தெரியாட்டியும் பரவாயில்ல. பேரையும் வருஷத்தையும் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிங்க. பதினேழாம் நூற்றாண்டுக்குப் போயிடுவீங்க. எங்கேயோ குளிர் நாட்டுல பிறந்து, எட்டு மாசக் கப்பல் பயணத்தைத் தாங்கி, இங்கே வந்து காய்ச்சலில் போனவங்க, அவங்க மனைவிகள், குழந்தைகள். மனசு கொஞ்சம் கனக்கும். கனக்கட்டும்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? இந்த ஊருக்கு *வந்தவங்க* பேரெல்லாம் கல்லுல இருக்கு. இந்த ஊர்ல இருந்து *போனவங்க* பேர்?

அதைச் சொல்றதுக்கு முன்னாடி, டச்சுக்காரங்க எதுக்காக இங்கே வந்தாங்கன்னு பாத்துடலாம்.

கைலியோட பாஸ்போர்ட்

அவங்களுக்கு வேண்டியிருந்தது ஜாதிக்காயும் கிராம்பும். அது விளையிற இடம் இந்தோனேஷியத் தீவுகள். அங்கே போய்த் தங்கக் காசையும் ஐரோப்பியக் கம்பளித் துணியையும் நீட்டினா, அந்தத் தீவுக்காரங்க ஆர்வமே காட்டல. அவங்க கேட்டது தமிழ்க் கடற்கரையில் நெய்த பருத்தித் துணி! அதனால இங்கே துணி வாங்கு, அங்கே கொண்டுபோய் ஜாதிக்காயா மாத்து, அதை ஐரோப்பாவில் பல மடங்கு விலைக்கு வித்துடு. இதுதான் கம்பெனியோட கணக்கு. ஹென்ட்ரிக் ப்ரூவர்ங்கிற கம்பெனி அதிகாரி 1612-ல் சோழமண்டலக் கரையை மொலுக்காஸ் தீவுகளோட இடது கைன்னு வர்ணிச்சார். இங்கே இருந்து துணி போகலேன்னா அங்கே வியாபாரமே படுத்துடும்னு அர்த்தம்.

சரி, அந்தத் துணி எங்கெங்கே போச்சு? மலேசியா, இந்தோனேஷியாவில் இன்னிக்கும் ஆண்கள் கட்டுற கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிக்காட்'னு பேர். பெலிக்காட்ங்கிறது வேற எதுவும் இல்ல, நம்ம பழவேற்காடுதான்! ஆங்கில அகராதியைப் புரட்டினா கலர் கைக்குட்டைக்கு 'புல்லிக்கேட்'னு ஒரு பழைய வார்த்தை கிடைக்கும். அதுவும் இதே ஊர்.

இன்னும் கிழக்கே போங்க. ஜப்பான். 1641-ல் இருந்து இருநூறு வருஷத்துக்கும் மேல, ஐரோப்பியர்களில் டச்சுக்காரங்களுக்கு மட்டும்தான் அங்கே வியாபாரம் பண்ண அனுமதி. அதுவும் நாகசாகியில் டெஜிமான்னு ஒரு குட்டித் தீவுல மட்டும். அவங்க கொண்டுபோன இந்தக் கரையோட கோடு போட்ட துணிக்கு ஜப்பானியர்கள் வெச்ச பேர் 'சன்தோமே'. ஆமா, நம்ம சாந்தோம்! மயிலாப்பூர் பக்கத்து ஊர்ப் பேர் ஜப்பான்காரன் சட்டையில் கோடா ஓடியிருக்கு.

திரும்பி வரும்போது கப்பல் சும்மா வருமா? ஜப்பான் செம்பு வந்துச்சு. கம்பெனி அதை இந்தக் கரையில் வித்துச்சு, காசு அடிக்கவும் அது பயன்பட்டுச்சு. பழவேற்காட்டுல ஒரு நாணயச்சாலையே இருந்துச்சு. வெடிமருந்து ஆலையும் இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. நாகசாகி, ஜகார்த்தா, ஆம்ஸ்டர்டாம் மூணையும் ஒரே முடிச்சுல கட்டின ஊர்ல நின்னுக்கிட்டுத்தான் நீங்க இப்போ நன்னாரி சர்பத் குடிக்கிறீங்க.

பெரிய காத்ரெய்ன்

துணி மட்டும்தான் போச்சா? இங்கேதான் கதை கசக்குது.

அதே கப்பல்கள்ல மனுஷங்களும் போனாங்க. அடிமைகளா. மழை பொய்ச்சு பஞ்சம் வந்த வருஷங்கள்லயும், போர் நடந்த வருஷங்கள்லயும் வயித்துக்கு வழியில்லாதவங்க தங்களையோ பிள்ளைகளையோ தரகர்கள்கிட்ட வித்தாங்க. பலரைக் கடத்தியும் வித்தாங்க. 1622, 1623 ரெண்டே வருஷத்துல பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரி துறைகள்ல இருந்து சுமார் 1,900 பேரைக் கப்பல் ஏத்தியிருக்காங்க. அந்த நூற்றாண்டு முழுக்க இப்படிப் போனவங்க பல்லாயிரம் பேர். பத்தேவியா (இன்னிக்கு ஜகார்த்தா), இலங்கை, ஜாதிக்காய்த் தீவுகள், தென்னாப்பிரிக்கா வரைக்கும் போனாங்க. கல்லறையில் மணல் கடிகாரம் செதுக்கச் சொன்ன கம்பெனிதான் இதையும் செஞ்சது. கணக்குப் புத்தகத்துல துணி ஒரு வரி, மனுஷன் ஒரு வரி.

அதுல ஒருத்தரோட கதை மட்டும் நம்ம கைக்குக் கிடைச்சிருக்கு. ஒரு பெண். 1631 வாக்கில் பழவேற்காட்டுல பிறந்தவர். அடிமையா பத்தேவியாவுக்குப் போனார். 1656-ல் தன்னோட காதலன் இறந்த வழக்குல அவருக்கு மரண தண்டனை விதிச்சாங்க. அவன் தன்னைத் தாக்கினான், தற்காத்துக்கத்தான் திருப்பி அடிச்சேன்ங்கிறது அவர் தரப்பு. தண்டனையைக் குறைச்சு, தென்னாப்பிரிக்காவோட நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தினாங்க. 1657-ல் அங்கே போய் இறங்கினார். அந்தக் குடியேற்றத்தோட தலைவர் யான் வான் ரிபெக் வீட்டுல துணி துவைக்கிற வேலை.

ஆவணங்கள்ல அவர் பேர் 'க்ரோட்டெ காத்ரெய்ன்'. பெரிய காத்ரீனான்னு அர்த்தம். இன்னொரு பேர், 'காத்தரினா வான் பலியகாட்டா'. பழவேற்காட்டு காத்தரினா! அவங்க அம்மா வெச்ச பேர் கப்பல்லயே எங்கேயோ விழுந்துடுச்சு. ஊர்ப் பேர் மட்டும் கூடவே போயிருக்கு.

பிறகு அவருக்கு விடுதலை கிடைச்சது. ஒரு ஜெர்மானியச் சிப்பாய் மூலமா அவருக்குப் பிறந்த மகன் கிறிஸ்டோஃபெல் ஸ்நைமான். அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டது, மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி அங்கே அடைக்கலம் வந்த பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பெண்ணை. தென்னாப்பிரிக்காவில் இன்னிக்கு ஸ்நைமான்ங்கிற குடும்பப் பேரோட இருக்கிற நிறையப் பேருக்குப் பூட்டியோட பூட்டி நம்ம பழவேற்காட்டுக்காரி. நாம பாண்டியில் போய் பிரெஞ்சுக்காரங்களைத் தேடறோம். பழவேற்காட்டுப் பெண்ணோட மகன் முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே பிரெஞ்சு வீட்டு மாப்பிள்ளை!

கல்லறைத் தோட்டத்துல அவங்களுக்கு ஒரு கல் கிடையாது. அடுத்த தடவை யாராவது 'சூப்பர் ஹெரிடேஜ் ப்ளேஸ் மச்சி'ன்னு சொன்னா, இந்தக் கதையையும் சேத்துச் சொல்லுங்க. அழகை ரசிக்க வேண்டாம்னு சொல்லல. முழுசா தெரிஞ்சுக்கிட்டு ரசிங்கன்னுதான் சொல்றேன்.

நிழல் சொல்லும் நேரம்

இப்போ முஸ்லிம் தெருப் பக்கம் வாங்க. டச்சுக்காரங்களுக்கும் போர்த்துக்கீசியர்களுக்கும் ரொம்ப முன்னாடியே கடல் வணிகம் பண்ணினவங்க இங்கே இருந்த மரக்காயர்கள். முன்னோர்கள் அரேபியாவில் இருந்து மரக்கலத்துல வந்தாங்கன்னு வீட்டுக்கு வீடு கதை உண்டு. தமிழையே அரபு எழுத்துல எழுதற 'அர்வி', அதாவது அரபுத்தமிழ், ஒரு காலத்துல இங்கே புழக்கத்துல இருந்துச்சு. நாம இப்போ தமிழை ஆங்கில எழுத்துல எஸ்.எம்.எஸ் அடிக்கிறோம்ல, அதுக்கு எல்லாம் சீனியர்!

பள்ளிவாசல்ல ஒரு சூரியக் கடிகாரம் இருக்கு. தொழுகை நேரத்தை நிழலை வெச்சுக் கணக்குப் பண்றதுக்கு. பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம். மெக்கானிக்கல் பசங்க அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டு வாங்க. பள்ளிவாசலுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை அனுமதி கேட்டுடுங்க, தொழுகை நேரத்துல வேண்டாம்.

இந்தத் தெருக்கள்ல வீட்டுத் திண்ணையில் உக்காந்து பனை ஓலையில் பெட்டி முடையிற பெண்களைப் பாக்கலாம். வழியில் பாத்து வெச்சுக்கச் சொன்னேனே, அந்தப் பனைதான். குருத்தோலையைக் காயவெச்சு, சீரா கிழிச்சு, சாயம் ஏத்தி, விரலாலயே முடைவாங்க. நகைப் பெட்டி, பூக்கூடை, தாம்பூலப் பெட்டின்னு கையில் எடுத்தா கீழே வெக்க மனசு வராது. வாங்குங்க. ஆனா பேரம் பேசாதீங்க ப்ளீஸ். பீட்சாவுக்குப் பேரம் பேசறோமா என்ன?

அப்படியே ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்கும் ஒரு நடை. விஜயநகரக் காலத்துக் கோயில், செம்புரைக் கல்லுல கட்டினது. பெரிய கோபுரத்தைத் தேடாதீங்க. கண்ணைக் கிட்ட கொண்டுபோங்க. ராமாயணக் காட்சிகளை உள்ளங்கை அகலத்துல குட்டிக் குட்டியா செதுக்கியிருக்காங்க. போர்த்துக்கீசியர் வந்த புதுசுல 1515-ல் தொடங்கினதா சொல்ற மகிமை மாதா ஆலயமும் இங்கே இருக்கு. இப்போ நிக்கிறது புதுக் கட்டடம், பக்தி பழசு. கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூணும் நடை தூரத்துக்குள்ள. நடுவுல பொதுவா ஒரு மீன் மார்க்கெட்!

கடைசி ஸ்டாப்: ஏரி

சாயங்காலம் ஆச்சா? ஏரிக்கரைக்கு வந்துடுங்க. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்குத் துண்டு நம்மகிட்ட. கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல படுத்திருக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஆமா, ராக்கெட் ஊர். இங்கே கரையில் நின்னாலே ராக்கெட் கிளம்பறது தெரியும். ராக்கெட் விடற நாள்ல நமக்குக் கண்காட்சி. பாதுகாப்புக்காகக் கடல்ல தடை போடறதால, மீனவர்களுக்குப் பொழப்பு போற நாள்.

ஏரியில் படகுகள் அமைதியா நிக்கும். அந்த அமைதிக்குப் பின்னாடி ஒரு சட்டப் புத்தகமே இருக்கு, எழுதாத சட்டம். பேர் 'பாடு'. ஏரியில் எல்லா இடமும் ஒண்ணு இல்ல. கடல் தண்ணி உள்ளே வர்ற முகத்துவாரத்துக்குப் பக்கத்துல இறால் அதிகம், தள்ளிப் போனா கம்மி. நல்ல இடத்தை ஒருத்தரே பிடிச்சுக்கிட்டா மத்தவங்க கதி? அதனால இடங்களைப் பிரிச்சு, சீட்டுப் போட்டு, முறை வெச்சு மாத்தி மாத்தி வலை போடறாங்க. இன்னிக்கு உனக்கு நல்ல இடம்னா நாளைக்கு எனக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூணும் இந்த உரிமை உள்ள பழைய கிராமங்கள். நம்ம ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல 'ரவுண்ட் ராபின்'னு ஒண்ணு படிச்சு அரியர் வெச்சோமே... அதை இவங்க தலைமுறை தலைமுறையா தண்ணியில் ஓட்டிக்கிட்டு இருக்காங்க!

இதுலயும் எல்லாருக்கும் பங்கு கிடையாதுங்கிறதைச் சொல்லியே ஆகணும். பாடு உரிமை பிறப்பால வருது. அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறவங்களும் இதே ஏரியை நம்பித்தான் இருக்காங்க. இடுப்பளவு தண்ணியில் உக்காந்த மாதிரி நகர்ந்து, சேத்துக்குள்ள கையால தடவித் தடவியே இறால் பிடிக்கிற இருளர் பெண்களைப் பாத்தா, அந்த ஊர்ல இறால் சாப்பிடும்போது ஒரு மரியாதை தானா வரும்.

இவங்க எல்லாரோட பயமும் ஒண்ணுதான், முகத்துவாரம். கடலோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து அங்கே குவிக்குது. வாய் அடைச்சா கடல் தண்ணி உள்ளே வராது. இறால் குஞ்சு கடல்ல இருந்துதான் ஏரிக்குள்ள வந்து வளரணும். வழி அடைபட்டா எதுவும் வராது. ஏரி ஆழம் குறையும், உப்புக் கணக்கு மாறும், வலை காலியா வரும். படகும் கடலுக்குப் போக முடியாது. முகத்துவாரத்துல நிரந்தரமா கல் சுவர் போடணும்னு மீனவர்கள் பல வருஷமா கேட்டு, சமீப வருஷங்கள்ல அரசு அந்த வேலையைக் கையில் எடுத்துச்சு. இன்னொரு பக்கம், தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிசாக்கற திட்டம். துறைமுகம் கடலுக்குள்ள நீண்டா மணலோட ஓட்டம் மாறும், கரை அரிக்கும், ஏரிக்கும் ஆபத்துன்னு சொல்லி மீனவ கிராமங்கள் எதிர்த்துக்கிட்டு இருக்காங்க. சிவில் பசங்களே, 'கோஸ்டல் இன்ஜினீயரிங்' எலெக்டிவ்ல தூங்கினீங்களே, இதான் அது!

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

* போக நல்ல நேரம்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. வெயில் கம்மி, பூநாரைகள் வர்ற சீஸன். பறவை நிறையக் கூடுறது ஆந்திரப் பக்கம். இங்கே கண்ணுல படாட்டி ஏமாந்துட்டோம்னு புலம்பாதீங்க.

* காலையிலயே போயிடுங்க. மீன் ஏலம் பாக்கலாம். மடவை, இறால், நண்டுன்னு கூடை கூடையா இறங்கும். ஏலம் கூவற வேகத்துல நம்ம ப்ரொபசர்கள் தோத்தாங்க.

* படகு சவாரின்னு யாராவது கூப்பிட்டா ஒரே பதில்: 'வேணாம்ண்ணே.' 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு உல்லாசமா போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் சவாரிக்குத் தடை போட்டாங்க. லைஃப் ஜாக்கெட் இல்லாத படகு, ஆழம் தெரியாத முகத்துவாரம், நீந்தத் தெரியாத நாம... இந்த ரிஸ்க் வேண்டவே வேண்டாம்.

* கல்லறை மேல ஏறி போஸ் கொடுக்கறது, கல்லுல பேர் கீறறது ரெண்டும் கூடாது. உங்க லவ்வர் பேரை அங்கே எழுதினா காதல் வாழாது பாஸ், கல்தான் சாகும்.

* மக்களைப் போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி 'அக்கா, எடுத்துக்கலாமா?'ன்னு ஒரு வார்த்தை. வேணாம்னா விட்டுடுங்க.

* குடிதண்ணி கையில் வெச்சுக்கோங்க. பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கையிலயே கொண்டு வந்துடுங்க.

கேக்க வேண்டிய கேள்வி

பழைய ஊர்னா நமக்கெல்லாம் ஒரு ஃபார்முலா இருக்கு. சுவருக்குப் பெயின்ட், தெருவுக்கு விளக்கு, வீட்டுக்கு ஒரு கஃபே. பழவேற்காட்டுக்கும் அது வரலாம். வந்தா நல்லதுதான். டச்சுக் கல்லறைக்கு லைட் போட்டு, கோட்டை இருந்த மேட்டைத் துப்புரவாக்கி, பலகை வெச்சா யாருக்குக் கசக்கும்? ஆனா அந்தப் பலகையில் என்ன எழுதுவாங்கங்கிறதுதான் கேள்வி. ஜெல்ட்ரியா, 1613, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. அதோட முடிச்சுடுவாங்களா? துணி நெய்தவங்க, கப்பல்ல ஏத்தப்பட்டவங்க, இன்னிக்கும் சேத்துக்குள்ள கைவிட்டு இறால் பிடிக்கிறவங்களுக்கு ஒரு வரி இருக்குமா?

பலகை வெக்கிற அதிகாரம் நம்ம கையில் இல்ல. ஆனா ப்ராஜெக்ட்டும் ரெக்கார்ட் நோட்டும் நம்ம கையில்தான் இருக்கு. ஹிஸ்டரி பசங்களுக்கு அரபுத்தமிழ் இருக்கு, டச்சு ஆவணம் இருக்கு. டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட்டுக்கு கைலியோட பயணம். சிவிலுக்கு முகத்துவாரம். விஷுவல் கம்யூனிகேஷன் மக்களுக்குப் பனை ஓலை. ஒவ்வொரு வருஷமும் யாரோ சீனியர் பண்ணின ப்ராஜெக்ட்டையே அட்டை மாத்திக் கொடுக்கறதுக்குப் பதிலா, ரெண்டு மணி நேரம் பயணம் பண்ணிப் போய் ஒரு பாட்டிகிட்டக் கதை கேட்டுட்டு வந்தாலே அது புது ஆராய்ச்சி.

பாண்டி எங்கேயும் ஓடிடாது. அடுத்த செமஸ்டர் பாத்துக்கலாம். இந்த வாட்டி பொதுக்குழுவுல தைரியமா கையைத் தூக்கி வேற ஊர் சொல்லுங்க. ஸ்நைமான்னு பேர் வெச்சிருக்கிற ஒருத்தர் தென்னாப்பிரிக்காவில் இருந்து தன்னோட பாட்டி ஊரைத் தேடிக்கிட்டு வந்து, பொன்னேரி பஸ் ஸ்டாண்டுல உங்ககிட்ட வழி கேட்டாலும் கேப்பார். அன்னிக்கு 'எனக்குத் தெரியாதே'ன்னு முழிக்காம, 'வாங்க சார், நானே கூட்டிட்டுப் போறேன்'னு சொல்ற அளவுக்காவது நம்ம ஊரை நாம தெரிஞ்சு வெச்சுக்குவோமே!